பதினாறு குட்டிகளுக்கு ஒரு சோப்பு

ஒரு செம்மறிக் குட்டியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் பூசி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: ஏழு நிமிடம். துள்ளுகிற குட்டி என்றால் பத்து. இந்த அறிவை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒரு வேலையும் வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்க்கிற எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாருக்கும் ஒரு குட்டியைக் குளிப்பாட்ட வேண்டிய அவசியம் வந்ததில்லை. எனக்குத்தான் வந்தது. அதற்குக் காரணம் கல்வி.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. நான் பதினொன்றாம் வகுப்பில் வேளாண்மைப் பிரிவு எடுத்திருந்தேன். (எடுத்திருந்தேன் என்று சொல்வது ஒரு கௌரவத்துக்குத்தான். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துவிட்டு அவர்களே அங்கே உட்கார வைத்தார்கள்.) அந்த வருடம் மார்கழியில் எங்கள் வகுப்புக்கு மட்டும் பத்து நாள் ‘வேளாண் வணிகப் பயிற்சி’ என்று ஒன்று வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். முதல் நாளே மழை ஈரம் காயாத கரிசலில் ஷூவோடு குறுக்கே நடந்து, காலுக்கு மூன்று கிலோ மண்ணைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் எது சொன்னாலும் நம்புவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றைப் பழைய பேப்பரில் சுருட்டியிருந்தார். இன்னொன்றைக் கண்ணாடித்தாளில் சுற்றி, பெயர் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தார். எது வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் இரண்டும் வேண்டும் என்றோம்.

“அது இல்லீங்க. சரக்கு ஒண்ணுதான். ஆனா கை எதுக்குப் போகுது பாருங்க. வாங்க வர்றவரு மொதல்ல கண்ணால வாங்குறாரு. அப்புறம் மணத்தால. நாக்குக்கு வர்றது கடைசியிலதானுங்க.”

இதை நான் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். வேறு எந்தப் பாடத்துக்கும் நான் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

பயிற்சி முடிகிற நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. ஒவ்வொருவரும் வீட்டில் விளைவதை, வளர்ப்பதை ‘மதிப்புக் கூட்டி’ கொண்டுவந்து வைக்க வேண்டும். விளாத்திகுளத்திலிருந்து அதிகாரிகள் வருவார்கள், முதல் பரிசு உண்டு. இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் மிளகாய் வத்தல் என்றார்கள். நாலு பேர் உளுந்து என்றார்கள். நான் எழுந்து செம்மறிக் குட்டி என்றேன்.

சார் கொஞ்சம் தயங்கினார். “உசுரு இருக்கறத எப்படிம்மா பேக்கிங் பண்ணுவீங்க?”

“அத நான் பாத்துக்கிடுதேன் சார்,” என்றேன். ஒருவர் வாழ்க்கையில் சொல்லக்கூடாத வாக்கியங்களில் அது முக்கியமானது.

இங்கே எங்கள் வீட்டு அரசியலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஐயாவுக்கும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய அக்காவுக்கும், அதாவது என் அத்தைக்கும், இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. வரப்பில் நின்ற ஒரு வேலிக்கருவை மரம்தான் விஷயம். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதை ஐயா வெட்டிக் கொடுத்துவிட்டார். வேர் என் பக்கம் என்றாள் அத்தை. கொப்பு என் பக்கம் என்றார் ஐயா. ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஏதாவது அவசரம் என்றால் அத்தை எங்கள் ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள்: “ஏ ஆடே, ஒன் மொதலாளி வீட்டுக்குத் தபால் வந்திருக்குன்னு சொல்லு.” ஐயா அத்தை வீட்டு நாயிடம் பதில் சொல்லுவார்.

அந்த ஐப்பசியில் ஒரு காதுகுத்து வீட்டில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் பந்தியில் உட்காரவைத்துச் சொந்தக்காரர்கள் எப்படியோ பேசவைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டு ஆடுகளையும் ஒரே கிடையாகச் சேர்த்து, ஒரு நாள் ஐயா, ஒரு நாள் அத்தை என்று முறைவைத்து மேய்த்தார்கள். புதிதாக ஒட்டவைத்த பானையைக் கையாளுகிற மாதிரி எங்கள் அம்மா அந்த உறவைக் கையாண்டாள். யாராவது மரம் என்று சொல்ல வாயெடுத்தாலே அம்மா காப்பி போடப் போய்விடுவாள்.

மார்கழித் தொடக்கத்தில் ஆடுகள் குட்டி போட்டிருந்தன. எங்களுக்கு ஒன்பது, அத்தைக்கு ஏழு. எல்லாம் ஒரே செவலை, ஒரே கறுத்த வயிறு. ஐயா பெரிய ஆடுகளை முகத்தைப் பார்த்தே இது யார் மகள், யார் பேத்தி என்று சொல்லுவார். ஆனால் பத்து நாள் குட்டிகள் விஷயத்தில் அவரும் தாய்களைத்தான் நம்பியிருந்தார். காது அறுத்து அடையாளம் வைப்பது இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். அதுவரைக்கும் எங்கள் குட்டிக்குக் கழுத்தில் சொட்டு நீலம், அத்தை குட்டிக்கு முதுகில் காவி. அவ்வளவுதான் ஆவணம்.

கண்காட்சிக்கு ஒன்பது குட்டி போதாது, மேசை காலியாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் போய்க் கேட்டேன். அவளுக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் சமாதானம் ஆன புதிது, மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

“கொண்டு போ, ஏட்டி. ஏழும் ஏழா திரும்பி வரணும். இந்த வருசத்து என் வெள்ளாமையே அதுதான்.”

ஐயாவும் தலையாட்டிவிட்டார். தாய் ஆடுகள் காலையில் மேய்ச்சலுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அதுவரை குட்டிகள் கவிழ்த்துப்போட்ட குடாப்புக் கூடைக்குள்தானே கிடக்கின்றன, பள்ளிக்கூடத்தில் கிடந்தால் என்ன. குளிப்பாட்டுவதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். (ஆச்சரியமாகத்தான் இருந்தது.)

கண்காட்சி அன்று மேய்ச்சல் ஐயா முறை. அவர் கிடையை ஓட்டிக்கொண்டு போனார். அம்மா மிளகாய்ப் பழம் பிடுங்கப் போய்விட்டாள். நானும் வகுப்புத் தோழி பேச்சியும் வாசலில் வேலையை ஆரம்பித்தோம். அடிகுழாயில் பதினோரு குடம் தண்ணீர் அடித்தோம். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கே அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள்.

சோப்பு என்று யோசித்தபோது என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த ஒரு சோப்பை அம்மா மூன்று வருடமாகப் பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்திருந்தாள். அதைத் தேய்த்துக் குளிப்பது என்ற எண்ணமே அவளுக்குக் கிடையாது. பீரோவைத் திறக்கும்போது மணக்கும், அது போதும் அவளுக்கு. வாங்குகிறவர் மணத்தால் வாங்குவார் என்று நோட்டில் இரண்டு கோடு போட்டவளுக்கு இந்தச் சோப்பை விட்டால் வேறு கதி ஏது? எடுத்தேன். பதினாறாவது குட்டிக்கு வரும்போது அது நகத்தளவு வில்லையாகிவிட்டது. அதையும் வாலில் தேய்த்தேன்.

தண்ணீர் முதலில் நீலமாக ஓடியது, அப்புறம் சிவப்பாக ஓடியது. “எம்புட்டு அழுக்கு பாத்தியாட்டி,” என்றேன் பேச்சியிடம். அவளும் ஆமாம் என்றாள். இரண்டு பேரும் வேளாண்மைப் பிரிவு.

பிறகு துவட்டி, அரை டப்பா பவுடரைப் பூசி, கழுத்தில் ரிப்பன் கட்டி, ‘தரம் 1’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, டீக்கடைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஆட்கள் மோந்து பார்த்துவிட்டு யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

கண்காட்சி பிரமாதமாக நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை. பதினேழு வத்தல் மேசைகளைக் கடந்து தும்மிக்கொண்டே வந்த அதிகாரிகள் என் மேசைக்கு வந்ததும் மூச்சு விட்டார்கள். ஒரு அம்மா குட்டியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். முதல் பரிசு எனக்கு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சார் மேடையிலேயே என்னைக் காட்டி, “நான் சொன்னதை இந்தப் பாப்பா ஒருத்திதான் முழுசாப் புரிஞ்சுக்கிட்டா,” என்றார். எனக்கு அப்படியே பறக்கிற மாதிரி இருந்தது. அறிக்கையில் போடுவதற்குத் தாயும் குட்டியும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று கேமராவை எடுத்துக்கொண்டு அவரும் எங்கள் வண்டியோடு வீட்டுக்கு வந்தார்.

நாலரை மணிக்குக் கிடை திரும்பியது. தெருமுனையிலேயே தாய் ஆடுகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. காலையிலிருந்து பால் குடிக்காத குட்டிகள் பதினாறும் பாய்ந்தன. சார் ஒரு காலை மடக்கி முட்டிபோட்டு கேமராவைக் கண்ணில் வைத்தார்.

முதல் ஆடு தன் குட்டியின் வாலடியில் மூக்கை வைத்தது. ஒரு தும்மல் போட்டது. பின்வாங்கி, தலையைக் குனிந்து, ஒரே முட்டு. குட்டி சாரின் மடியில் போய் விழுந்தது. அடுத்த ஆடும் மோந்தது, முட்டியது. அதற்கடுத்ததும் அப்படியே. ஐந்து நிமிடத்தில் எங்கள் வாசல் முழுக்கக் குட்டிகள் உருண்டன. பசித்த குட்டி எந்த மடி கிடைத்தாலும் போய் முட்டியது, எல்லா மடியிலிருந்தும் உதை வாங்கியது. தாய்கள் தங்கள் குட்டியைத் தேடித் தெருப்பக்கம் பார்த்துக் கத்தின. குட்டி காலடியிலேயே நின்று கத்தியது.

ஐயா ஒரு குட்டியைத் தூக்கினார். கழுத்தைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோனார். என் வாழ்நாளில் ஐயாவின் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

“என்னட்டி போட்ட?”

“சோப்பு.”

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அவளும் ஒரு குட்டியை மோந்தாள். பிறகு காவி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று பவுடர்தான் கையில் வந்தது.

“ஏட்டி கோட்டிக்காரி, தாய் புள்ளையக் கண்ணால பாத்தா கண்டுபிடிக்கும்? மூக்காலல்லா கண்டுபிடிக்கும். எல்லாத்தையும் ஒரே நாத்தமா ஆக்கி வச்சிருக்கியே.”

“நாத்தம் இல்ல அத்தை, பாரின் சோப்பு,” என்றேன். (வாயை மூடியிருக்கலாம்.)

மிளகாய்க் காட்டிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, “எந்தச் சோப்பு?” என்று கேட்டாள். அம்மா நேராக வீட்டுக்குள் போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வாசலில் வேறு பிரச்சினை கிளம்பியிருந்தது. பசித்த குட்டியைத் தாயிடம் சேர்க்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி தெரியும். ஆட்டின் மடியிலிருந்து பாலைக் கறந்து குட்டியின் முதுகிலும் வாலிலும் தடவ வேண்டும். தன் பால் வாசனை வந்தால் ஆடு மெல்லச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் எந்த ஆட்டின் பாலைத் தடவுகிறோமோ, அந்தக் குட்டி அந்த ஆட்டுக்குத்தான். அப்புறம் மாற்ற முடியாது. எது யார் குட்டி என்று தெரிந்தால்தானே தடவ முடியும்?

“என் ஏழுல அஞ்சு பெட்டை,” என்றாள் அத்தை.

“எங்க ஒம்பதுலயும் அஞ்சு பெட்டைதான்க்கா,” என்றார் ஐயா.

எண்ணிப் பார்த்தார்கள். மொத்தமே எட்டுப் பெட்டைதான் இருந்தது. மறுபடி எண்ணினார்கள். குட்டிகள் நிற்காமல் ஓடியதால் ஒரு தடவை ஏழு வந்தது, ஒரு தடவை ஒன்பது வந்தது. பத்து மட்டும் வரவே இல்லை.

“அப்ப நான் பொய் சொல்லுதேங்கியா?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“சொல்லமாட்ட. செஞ்சிட்டு நிப்ப. அன்னைக்கும் இப்படித்தான், வேரு எங்க இருக்குன்னு பாக்காம மரத்த…”

அந்தச் சொல் வந்துவிட்டது. அம்மா உள்ளிருந்து வேகமாக வெளியே வந்தாள். ஆனால் அன்றைக்குக் காப்பி போட்டு அணைக்கிற நிலைமையில் எதுவும் இல்லை. ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். அத்தை முந்தானையை இழுத்துச் சொருகினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு சேர்ந்த இரண்டு வீட்டை நான் ஒரு சோப்பால் பிரித்துவிட்டேன். இனி இவர்கள் ஆட்டிடமும் நாயிடமும்தான் பேசுவார்கள், அதுவும் என்னால்தான். கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு நின்று அழுதேன்.

சார் மெதுவாக எழுந்து, “ஏனுங்க, வேணும்னா ஒரு பட்டியல் போட்டு…” என்று ஆரம்பித்தார்.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் அந்தச் சாரா? வாங்குதவன் கண்ணால வாங்குவான், மணத்தால வாங்குவான்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்தியளாமே. பெத்தவ எதால வாங்குவான்னு கேட்டியளா?”

சார் கேமராவைக் கீழே வைத்தார்.

அப்போது ஒரு குட்டி, இருந்ததிலேயே சின்னது, கத்துவதை நிறுத்திவிட்டுச் சாரின் ஷூவுக்குப் பக்கத்தில் காலை மடக்கிப் படுத்துவிட்டது. கத்துகிற குட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை. கத்தாத குட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். ஐயாவும் பார்த்தார், அத்தையும் பார்த்தாள். மரத்தைப் பற்றி பாதி சொல்லியிருந்த வாக்கியத்தை அத்தை அப்படியே விட்டாள். பக்கத்தில் நின்ற ஆட்டின் பின்காலைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பாலைக் கறந்து, அந்தக் குட்டியின் முதுகில் தேய்க்க ஆரம்பித்தாள்.

“யக்கா, அது யாரு ஆடு?” என்றார் ஐயா.

“பாலு இருக்க ஆடு,” என்றாள் அத்தை. “பாத்துக்கிட்டே நிக்கியே, அடுத்ததப் புடில.”

ஐயா அடுத்ததைப் பிடித்தார். அம்மா ஒன்றைப் பிடித்தாள். “சாரு, நீங்க அந்தக் காலைப் புடிங்க. பெல்ட்ட அவுத்து வச்சிட்டுப் புடிங்க, கொக்கி ஆட்டக் குத்தும்,” என்றாள் அத்தை. அவர் சொன்னபடி செய்தார். நாங்கள் பிடித்து அமுக்க, அத்தை கறக்க, ஐயா குட்டியை மடியில் சேர்க்க, வாசலில் ஒரே பாலும் பவுடரும் சாணியுமாக ஆயிற்று. சாரை ஒரு ஆடு இரண்டு தடவை உதைத்தது. இரண்டாவது உதைக்கு அவர், “இது தரம் ஒண்ணுங்க,” என்றார். முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் ஐயா. சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பதினாலு குட்டிகள் குடித்துவிட்டன. மிச்சம் இரண்டும் அடம்பிடித்த இரண்டு ஆடுகளிடம் மறுநாள் காலையில் சேர்ந்தன. அந்தச் சின்னக் குட்டிதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குடித்துவிட்டு, வயிறு உப்பி, நடக்க முடியாமல் நின்றது. ஒன்றும் சாகவில்லை. எங்கள் ஆடுகளிடம் ஒன்பது, அத்தை ஆடுகளிடம் ஏழு என்று எண்ணிக்கை மட்டும் சரியாக வந்தது. எது எதனுடையது என்பது அந்தச் சோப்போடு போய்விட்டது.

மறுநாள் ஐயா நீலத்தையும் காவியையும் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டைக் கணக்கு திரும்ப வரப்போகிறது என்று எனக்குப் பயம். அவர் ஒரு குட்டியையும் தரம்பிரிக்கவில்லை. பதினாறு கழுத்திலும் நீலம் வைத்தார், பதினாறு முதுகிலும் காவி வைத்தார். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் அவருக்குக் கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கிடை பிரியவே இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. சோப்பைப் பற்றி அம்மா மட்டும் ஒரு எட்டு வருடம் பேசினாள்.

சார் அறிக்கையில் என்ன எழுதினாரோ தெரியாது. தாயும் குட்டியும் படம் வரவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டு முகவரிக்கு ஒரு படம் தபாலில் அனுப்பினார். முட்டப்போகிற ஆடு ஒன்று கேமராவுக்கு நேராகத் தலையைக் குனிந்து நிற்கிற படம்.

எட்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர் தூரம், திருச்சிக்கு அந்தப் பக்கம். நலங்கு அன்றைக்கு என்னைப் பலகையில் உட்காரவைத்து, சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் சுற்றி நின்று மஞ்சளும் சந்தனமும் பூசித் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தை முறை வந்தது. அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள்.

“போதும் தேச்சது,” என்றாள் எல்லாரையும் பார்த்து. “ரொம்பக் கழுவி அனுப்பாதிய. பெறகு வீட்டுக்குத் திரும்பி வரும்போது பெத்தவளுக்கு அடையாளம் தெரியாது.”

வாசலே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஈரத்தலையோடு இருந்த என் உச்சியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். “எங்க வீட்டுதுதான்,” என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அத்தை மிச்சத் தண்ணீரைச் சட்டென்று என் தலையில் கவிழ்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதும் நான் ஊருக்குப் போனால், பையைக் கீழே வைக்க விடமாட்டாள் அம்மா. வாசலிலேயே நிறுத்தி, தலையைக் குனியச் சொல்லி, மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். என் கணவர் பக்கத்தில் பெட்டியோடு நிற்பார். அவரையும் ஒரு தடவை குனியச் சொன்னாள். மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “பரவாயில்ல, சேத்துக்கிடலாம்,” என்றாள்.